பண்ணைக்கு நாய் தேர்ந்தெடுத்தல்: வேலை முதலில், இனம் கடைசியில்

"எந்த இன நாய் வாங்கலாம்?" என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். ஆடு மாடுகளுக்கு நடுவே நாய் வளர்த்தும், புதிதாக வாங்கியவர்கள் தடுமாறுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தும் எனக்குப் புரிந்தது ஒன்று உண்டு. தடுமாற்றம் இந்தக் கேள்வியிலேயே தொடங்கிவிடுகிறது. இனத்தின் பெயர் முதலில் மனதில் விழுந்துவிட்டால் மற்ற எல்லாவற்றையும் அதற்கேற்ப வளைத்துக்கொள்கிறோம். குட்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் வேலி போதாது, அக்கம்பக்கத்தார் இரவுக் குரைப்பைத் தாங்க மாட்டார்கள், நமக்குத் தேவைப்பட்டது வேறு வேலை என்பதெல்லாம் தெரியவருகிறது.

கீழே இருக்கும் வரிசையை மாற்றாமல் போங்கள். இனத்தின் பெயர் நான்காவது படியில்தான் வருகிறது.

1. என்ன இழக்கிறீர்கள் என்று எழுதுங்கள்

ஒரு நோட்டை எடுத்து இரண்டு வாரம் குறித்துவையுங்கள். எந்தக் கால்நடை போனது, பகலா இரவா, பட்டியிலா மேய்ச்சலிலா, தடம் இருந்ததா. பழைய இழப்புகள் நினைவிருந்தால் அவற்றையும் சேருங்கள். இந்தப் பக்கம் எழுதப்படாமல் வாங்கிய நாய் பெரும்பாலும் தப்பான நாயாகவே இருக்கிறது.

செத்த ஆட்டைப் புதைக்கும் முன் தோலை விலக்கிப் பாருங்கள். தொண்டையில் மட்டும் பல் ஆழமாகப் பதிந்திருந்தால் சிறுத்தை போன்ற பெரிய பூனை இனத்தைச் சந்தேகிக்கலாம். பின்தொடை, விலா, காது என்று கண்ட இடமெல்லாம் கிழிந்து, ஒரே இரவில் பல ஆடுகள் கடிபட்டு, தின்றது மட்டும் கொஞ்சம் என்றால் அது பெரும்பாலும் திரியும் நாய்க்கூட்டத்தின் வேலை. கோழி ஒவ்வொன்றாகக் காணாமல் போனால் தூக்கிக்கொண்டு ஓடும் நரி மாதிரி ஒன்று. கூண்டுக்குள்ளேயே பல கோழிகள் கழுத்தில் கடிபட்டுக் கிடந்தால் கீரி, மரநாய் போன்ற சின்ன விலங்கு. இந்த அடையாளங்கள் எப்போதும் அப்படியே பொருந்துவதில்லை. ஆனாலும் திசை காட்டும்.

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம், எதிரி யார் என்பதே நாயின் அளவையும் எண்ணிக்கையையும் முடிவு செய்கிறது. கீரி நுழையும் ஓட்டைக்குக் கம்பிவலை போதும், 50 கிலோ நாய் வேண்டாம். சிறுத்தையோ ஓநாயோ வரும் இடத்தில் ஒற்றை நாயை விட்டால் அந்த நாயே இரையாகும்.

இழப்பே இல்லாமல், மாலையில் மந்தையைத் திரட்டி அடைக்க ஆள் போதவில்லை என்பதுதான் உங்கள் கஷ்டம் என்றால் அதையும் எழுதுங்கள். அது வேறு வகை நாய்.

2. காவலா, மேய்ப்பா: ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. பகலில் ஆட்டை ஓட்டவும் இரவில் காக்கவும் ஒரே நாய் வேண்டும் என்று கேட்பார்கள். நாயின் பிறவிக் குணம் அதற்கு இடம் தருவதில்லை.

வேட்டை விலங்கின் செயலுக்கு ஒரு வரிசை உண்டு. கண்ணால் குறிவைப்பது, பதுங்கி நெருங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது. மேய்ப்பு இனங்களில் முதல் மூன்றையும் வளர்த்து, கடைசி இரண்டையும் மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து மழுக்கினார்கள். காவல் இனங்களிலோ அந்த வரிசை முழுவதையுமே அடக்கிவிட்டார்கள். அதனால்தான் ஆடு மிரண்டு ஓடினாலும் நல்ல காவல் நாய் பின்னால் ஓடுவதில்லை.

செம்மறி மேய்க்கும் இனமான பார்டர் கோலி ஒன்று வேலை செய்வதைக் கிட்டத்தில் பாருங்கள். தலை தோளுக்குக் கீழே இறங்கியிருக்கும். முன்னங்காலில் ஒன்று தரையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். கண் இமைக்காது. ஆடு அந்தப் பார்வைக்கே நகர்கிறது, ஏனென்றால் அது வேட்டை விலங்கின் பார்வை. அந்த நாயை இரவு முழுக்கப் பட்டிக்குள் விட்டால் ஆடு ஒரு வாய் அசைபோடாது.

காவல் நாய் மந்தையை நெருங்கும் விதமே வேறு. காது பின்னால் மடிந்திருக்கும், நடை மெதுவாக இருக்கும், முகம் வேறு பக்கம் திரும்பியிருக்கும். ஆட்டின் வாயை ஒரு முறை முகர்ந்துவிட்டுப் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும்.

தெரிந்த ஒருவர் தன் வாத்துகளுக்குக் காவலாக மேய்ப்பு இனக் குட்டி ஒன்றை வாங்கினார். ஏழு மாதத்தில் அது வாத்துகளை நாள் முழுக்க வேலி மூலையில் திரட்டி நிறுத்திவைத்தது. ஒன்றையும் கடிக்கவில்லை. தண்ணீருக்குக்கூட நகரவிடவில்லை, அவ்வளவுதான். வாத்துகள் மெலிந்தன, முட்டை நின்றது. நாயைத் திட்டி என்ன பயன்? அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

இரண்டு வேலையும் உண்மையிலேயே தேவையென்றால் இரண்டு நாய். மேய்ப்பு நாய் உங்களோடு வரும், வேலை முடிந்ததும் உங்களோடு திரும்பும். காவல் நாய் மந்தையோடு இருக்கும்.

3. நாய்க்கு முன்னால் தயாராக வேண்டியவை

முதலில் வேலி. பெரிய காவல் இனங்கள் தங்கள் எல்லையைத் தாங்களே விரித்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவை. இரவில் பக்கத்துத் தோட்டத்தையும் சேர்த்துக் காக்கப் புறப்பட்டுவிடும். அது குறையல்ல. எதிரி எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்பது அதன் கணக்கு. ஆனால் சாலையில் அடிபட்டுச் சாவதும் அப்படித்தான். வலை வேலியின் அடிப்பாகத்தில் தோண்ட முடியாதபடி கல்லோ கம்பியோ பதியுங்கள். மேலே ஏறிக் குதிக்கும் நாய்க்கு ஒரு வரி மின்வேலி உதவும்.

அடுத்தது அக்கம்பக்கம். காவல் நாயின் முதல் ஆயுதம் குரைப்பு. இரவில் குரைத்து, மூத்திரம் விட்டு எல்லை குறித்து, "இங்கே நான் இருக்கிறேன்" என்று சொல்வதால்தான் பெரும்பாலான மோதல்கள் நடக்காமலேயே போகின்றன. குரைக்காத காவல் நாயை எதிர்பார்க்காதீர்கள். வீடுகள் நெருக்கமான இடம் என்றால் நாயைவிட இரவில் பூட்டும் நல்ல கொட்டகை மேல்.

மூன்றாவது உங்கள் நேரம். மேய்ப்பு நாய்க்குத் தினமும் வேலையும் பழக்கமும் வேண்டும். வாரத்தில் ஒரு நாள் மட்டும் ஆடு ஓட்டும் இடத்தில் அது வண்டிச் சக்கரத்தையும் குழந்தைகளையும் திரட்ட ஆரம்பிக்கும். காவல் நாய்க்கு அவ்வளவு ஏவல் வேண்டாம், ஆனால் முதல் ஒன்றரை வருடம் அதன் மீது கண் வேண்டும்.

4. இப்போது இனத்துக்கு வரலாம்

மந்தைக் காவல். துருக்கியின் கங்கால், அதன் நெருங்கிய உறவான அனடோலியன் ஷெப்பர்ட், பிரான்ஸ் ஸ்பெயின் எல்லை மலைகளின் கிரேட் பைரனீஸ், இத்தாலியின் மரேம்மா, இமயமலை மேய்ப்பர்களோடு நடக்கும் பாகர்வால், காடி நாய்கள் எல்லாம் இந்த வகை. திறந்த வெளியில் பெரிய எதிரி இருக்கும் இடத்துக்குக் கங்கால், அனடோலியன். நமீபியாவில் சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு நிதியம் 1994 முதல் பண்ணையாளர்களுக்கு இந்த வகை நாய்களைத்தான் கொடுத்துவருகிறது. ஆட்டைச் சிவிங்கிப்புலியிடமிருந்தும், சிவிங்கிப்புலியைத் துப்பாக்கியிடமிருந்தும் காப்பாற்றுவது அதன் நோக்கம். மனிதர் நடமாட்டம் அதிகமுள்ள பண்ணைக்கு மரேம்மாவும் பைரனீஸும் பெரும்பாலும் பொருந்துகின்றன.

இந்த வகை நாய் எதைக் காக்கும் என்பதை முடிவு செய்வது அது எதனோடு வளர்ந்தது என்பதுதான். ஆஸ்திரேலியாவின் வார்னம்பூல் அருகே மிடில் தீவில் நரிகளால் சிறிய இனப் பென்குவின்கள் பத்துக்கும் கீழே குறைந்த நிலையில், 2006இல் மரேம்மா நாய்களைக் காவலுக்கு விட்டார்கள். பென்குவின்களின் எண்ணிக்கை மீண்டும் ஏறியது. ஆட்டு நாய் பறவையையும் காக்கும், முறையாகப் பழக்கினால்.

மேய்ப்பு. செம்மறிக்குப் பார்டர் கோலி, கெல்பி. நெருக்கமான பட்டியில் ஆடுகளின் முதுகு மேலேயே ஓடி மறுபக்கம் போய் வேலை செய்யும் கெல்பிகள் உண்டு. மாட்டுக்குக் குதிகாலைக் கவ்வி விலகும் ஆஸ்திரேலியன் கேட்டில் டாக். குட்டைக்கால் கோர்கியும் இதற்கே உருவானது, மாடு உதைக்கும்போது உதை தலைக்கு மேலே போய்விடும். கன்றோடு இருக்கும் பசு நாயை நேருக்கு நேர் முட்ட வரும். பார்வையால் மட்டும் வேலை செய்யும் மென்மையான நாய் அங்கே பின்வாங்கிவிடும், ஒரு முறை பின்வாங்கிய நாயை மாடு பிறகு மதிப்பதில்லை. பயிர் ஓரமாக மந்தையை மேயவிடுபவர்களுக்கு ஜெர்மன் ஷெப்பர்டின் பழைய வேலை நினைவில் இருக்கட்டும். எல்லைக் கோட்டில் முன்னும் பின்னும் நடந்து ஆடு பயிருக்குள் போகாமல் மறிப்பதற்குத்தான் அதை வளர்த்தார்கள்.

எலி. ஜாக் ரஸல் போன்ற டெரியர் வகைகள். இவற்றில் கவ்வுதலும் கொல்லுதலும் முழுமையாக இருக்கின்றன, எலியை ஓர் உதறலில் முடிக்கும். அதே காரணத்தால் கோழிகளோடு தனியே விடவே கூடாது.

நம் இனங்களைப் பற்றியும் கேட்பார்கள். சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் கண்டதைத் துரத்திப் பிடிக்கும் ஓட்ட நாய்கள். துள்ளி ஓடும் ஆட்டுக்குட்டி அவற்றின் கண்ணில் என்னவாகத் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். கோம்பை வீட்டையும் தோட்டத்தையும் காப்பதில் கெட்டி. ராஜபாளையமும் வேட்டைக்கும் காவலுக்கும் பேர்போனது. இவை மனிதனோடும் இடத்தோடும் ஒட்டுபவை. மந்தையோடு ஒட்டவைக்க வேண்டுமென்றால் குட்டியிலிருந்தே அதற்காக உழைக்க வேண்டும், அப்போதும் துரத்தும் குணத்தைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இனம் என்று பெயர் சொல்ல முடியாத நாட்டு நாயை ஒதுக்காதீர்கள். போட்ஸ்வானாவில் உள்ளூர்க் கலப்பு நாய்களையே ஆட்டோடு வளர்த்து நல்ல காவலாக்கியிருக்கிறார்கள். அந்த மண்ணின் வெயிலும் நோயும் அவற்றுக்குப் பழக்கம், தீனியும் குறைவு. உங்கள் எதிரி நரியும் திரியும் நாயும் மட்டும்தான் என்றால் என் முதல் பரிந்துரை இதுதான்.

ஒரு கலப்பினத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். காவல் இனத்துக்கும் மேய்ப்பு இனத்துக்கும் பிறந்த குட்டி. துரத்தும் ஆசை ஒரு பக்கமிருந்தும் 50 கிலோ உடம்பு இன்னொரு பக்கமிருந்தும் வந்து சேர்ந்தால் மந்தைக்கே ஆபத்து.

5. உடம்பைப் பாருங்கள்

மேல் ரோமத்துக்கு அடியில் அடர்ந்த மென்ரோமமும் கொண்ட இரட்டை ரோம நாய்க்குப் புழுக்கமான வெயிலில் நிழலும் தண்ணீரும் இல்லாமல் காலம் தள்ள முடியாது. ரோமத்தை மழிப்பதும் தீர்வாகாது, வெயிலிலிருந்து தோலைக் காப்பதே அந்த ரோமம்தான். ஆண்டு முழுக்க வெக்கையான இடம் என்றால் குட்டை ரோமக் காவல் நாயைத் தேடுங்கள். பகலில் நிழல், வேலை இரவில் என்று ஒழுங்கு செய்யுங்கள். சப்பை மூக்கு நாய் எதுவும் பண்ணை வேலைக்கு வேண்டாம், மூச்சிரைத்து உடம்புச் சூட்டைத் தணிக்க அதனால் சரியாக முடியாது.

பெரிய இனங்களில் இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத குறை பரம்பரையாக வரும். தாய் தகப்பனுக்கு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். முழு வெள்ளை நாய்களில் சிலவற்றுக்குப் பிறவிச் செவிட்டுத்தன்மை இருக்கும், ராஜபாளையத்திலும் இது தெரிந்த குறை. குட்டி பார்க்காதபோது பின்னாலிருந்து தட்டைத் தட்டிப் பாருங்கள். கூட்டத்தோடு இருக்கும்போது மற்றக் குட்டிகள் திரும்புவதைப் பார்த்து அதுவும் திரும்பும், அதனால் தனியாக வைத்துச் செய்ய வேண்டும்.

கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் வழி வந்த நாய்களுக்கு இன்னொரு முக்கியமான எச்சரிக்கை. எம்.டி.ஆர்.1 என்ற மரபணுவில் மாற்றம் உள்ளவற்றுக்கு ஐவர்மெக்டின் அதிக அளவில் உள்ளே போனால் மூளையைத் தாக்கும். ஆடு மாட்டுக்குப் புழு நீக்க நாம் கொடுப்பதும் பல சமயம் அதே மருந்து. கீழே சிந்தியதை நக்குவதும், மருந்து கொடுத்த கால்நடையின் சாணத்தைத் தின்பதும் போதும். மருந்து கொடுக்கும் நாளிலும் அதன்பின் கால்நடை மருத்துவர் சொல்லும் காலம்வரையும் நாயைத் தள்ளிக் கட்டுங்கள். இதற்கு மரபணுப் பரிசோதனை இருக்கிறது.

6. குட்டியைவிடத் தாயைப் பாருங்கள்

இனத்துக்குள்ளேயே வேலை நாயின் வாரிசும் கண்காட்சி நாயின் வாரிசும் வெவ்வேறு. தாயும் தகப்பனும் உண்மையில் மந்தையோடு வேலை செய்கின்றனவா என்று நேரில் போய்ப் பாருங்கள், முடிந்தால் சாயங்காலம் போங்கள். தாய் ஆடுகளுக்கு நடுவில் நிம்மதியாகப் படுத்திருக்கிறதா? புதியவரான உங்களைக் கண்டதும் எழுந்து, ஆட்டுக்கும் உங்களுக்கும் இடையில் வந்து நிற்கிறதா? வளர்ப்பவர் சொன்னதும் அடங்குகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் குட்டிகளைப் பார்க்கலாம். ஆட்டுக் கொட்டகையிலேயே பிறந்த குட்டிகள் என்றால் பாதி வேலை முடிந்தது.

எட்டு வாரத்துக்கு முன் தாயைவிட்டுப் பிரிக்காதீர்கள். கடிக்கும் வேகத்தை அடக்கக் குட்டி தன் கூடப்பிறந்தவற்றிடம்தான் கற்கிறது. காவலுக்கு என்றால் எதற்கெடுத்தாலும் பாயும் குட்டியையும் மூலையில் நடுங்கும் குட்டியையும் விட்டு, நடுவில் அமைதியாக இருப்பதை எடுங்கள். ஆணா பெண்ணா என்பதில் வேலைத் திறனில் பெரிய வித்தியாசம் நான் பார்த்ததில்லை. இனப்பெருக்கம் வேண்டாமென்றால் கருத்தடை செய்தால் திரிவது குறையும். பெரிய இனத்துக்கு அதை எந்த வயதில் செய்வது என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

எதிரி இன்றைக்கே வாசலில் நிற்கிறது என்றால் குட்டி உதவாது. இரண்டு வயதான, வேலை தெரிந்த நாயைத் தேடுங்கள்.

7. குட்டி வந்த முதல் இரண்டு மாதம்

நாய்க்குட்டி உலகத்தோடு ஒட்டிக்கொள்ளும் பருவம் மூன்றாவது வாரத்தில் தொடங்கி ஏறக்குறைய பதினாறாவது வாரத்தில் முடிகிறது. காவல் நாய்க்கு ஆடுதான் சொந்தம் என்று பதிய வேண்டிய காலம் இதுதான். வீட்டுத் திண்ணையில் குழந்தைகளோடு வளர்த்துவிட்டு ஆறு மாதத்தில் பட்டிக்கு அனுப்பினால் அது வாசலைப் பார்த்தே ஊளையிடும்.

பட்டிக்குள் ஒரு மூலையில் வலையால் சின்னத் தடுப்பு போடுங்கள். குட்டி ஆட்டைப் பார்க்க, முகர, கேட்க முடிய வேண்டும், ஆடு மிதிக்க முடியக் கூடாது. சில நாட்கள் கழித்து, சாந்தமான நான்கைந்து ஆடுகளோடு உங்கள் கண் முன்னால் வெளியே விடுங்கள். நாயை முட்டிக் கொல்லும் ஆக்ரோஷமான ஆடு வேண்டாம், மிரண்டு ஓடும் ஆடும் வேண்டாம். ஓடும் ஆடு துரத்தலைக் கற்றுக்கொடுத்துவிடும்.

குட்டியைத் தொடவே கூடாது என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. தினமும் தொட்டு, கழுத்துப்பட்டை மாட்டி, கயிற்றில் நடத்தி, பாதத்தைப் பிடித்துப் பார்த்துப் பழக்குங்கள். இல்லாவிட்டால் 50 கிலோ ஆனபின் தடுப்பூசி போடப் பிடிக்க முடியாது. கொஞ்சலைப் பட்டிக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

மேய்ப்புக் குட்டிக்கு நேர்மாறு. அது உங்களோடு வளர வேண்டும். அழைத்தால் வருவதும் சொன்ன இடத்தில் படுப்பதும் உறுதியாகும்வரை மந்தைக்கு அருகே தனியே விடாதீர்கள்.

8. ஆறு மாதத்திலிருந்து பதினெட்டு மாதம் வரை

நல்ல நாய்கள் பல இந்தக் காலத்தில்தான் வீணாக விரட்டப்படுகின்றன. உடம்பு முழுசாக வளர்ந்திருக்கும், புத்தி இன்னும் குட்டிதான். ஒரு நாள் காலையில் ஆட்டுக்குட்டியின் காது கிழிந்து ரத்தம் காய்ந்திருக்கும், நாய் வாலை ஆட்டிக்கொண்டு வரும். அது வேட்டையாடவில்லை, தன்னைப் போல் இன்னொரு குட்டியென்று நினைத்து விளையாடியிருக்கிறது. சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் தெரியும். வால் தளர்ந்திருக்கும், முன்பாதி தாழ்ந்து பின்பாதி உயர்ந்து விளையாட அழைக்கும்.

நாயை இளம் ஆட்டுக்குட்டிகளிடமிருந்து உடனே பிரித்து, பெரிய கிடாக்களோடோ வளர்ந்த பெட்டைகளோடோ விடுங்கள். அவை முட்டி மரியாதை கற்றுக்கொடுக்கும். நீங்கள் இல்லாத நேரம் தடுப்புக்குள் வைத்து, இருக்கும் நேரம் நீண்ட கயிற்றோடு விடுங்கள். தவறு நடக்கும் அதே நொடியில் குரலால் நிறுத்துங்கள். நேற்று நடந்ததற்கு இன்று அடித்தால் நாய்க்குக் காரணம் புரியாது, உங்களைக் கண்டு பயப்பட மட்டும் கற்றுக்கொள்ளும்.

கோழி எல்லாவற்றிலும் கடினம். அது படபடக்கும், கத்தும், பறக்கும். கோழிக்காக வாங்கிய நாயை இரண்டு வயதுவரை நம்பித் தனியே விடாதீர்கள். மந்தைக் காவல் நாயும் 18 முதல் 24 மாதத்தில்தான் முழு வேலைக்காரன் ஆகிறது.

9. நாயிலிருந்து கால்நடைக்கு, கால்நடையிலிருந்து நாய்க்கு

வெறிநோய், பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசிகளைத் தவறவிடாதீர்கள். நரியோடும் திரியும் நாயோடும் மோதும் நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி இல்லாவிட்டால் ஆபத்து உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

அறுத்த ஆட்டின் ஈரலையும் நுரையீரலையும் பச்சையாக நாய்க்குப் போடும் பழக்கத்தை அடியோடு நிறுத்துங்கள். நீர்க்கட்டி உண்டாக்கும் நாடாப்புழு அந்த வழியாக நாயின் குடலுக்குப் போகிறது. அதன் முட்டை நாயின் மலத்தில் வெளிவந்து, புல் வழியாக ஆட்டுக்கும் கை வழியாக மனிதருக்கும் சேர்கிறது. பிராசிகுவான்டெல் கொண்ட புழுமருந்தை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் கொடுங்கள். செத்த ஆட்டை ஆழமாகப் புதையுங்கள்.

மாடு வளர்ப்பவர்கள் நஞ்சுக்கொடியை நாய் தின்ன விடக் கூடாது. பசுக்களுக்குக் கருச்சிதைவு உண்டாக்கும் நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி அப்படி நாய்க்குப் போய், நாயின் மலத்தோடு தீவனத்தில் கலந்து திரும்பி வரும். தீவனக் குவியலை மூடிவையுங்கள்.

10. இரண்டாவது நாய்

ஒரு நாய் குரைத்து எதிரியின் பக்கம் ஓடும்போது மந்தையோடு நிற்க இன்னொன்று வேண்டும். நரியோ திரியும் நாயோ ஒன்றுக்கு மேல் வந்தால், ஒன்றின் பின்னால் காவல் நாய் ஓடும்போது மற்றது மந்தைக்குள் நுழைந்துவிடலாம்.

ஆனால் இரண்டு குட்டிகளைச் சேர்த்து வாங்காதீர்கள். அவை ஒன்றோடொன்று விளையாடி, ஆட்டையும் அந்த விளையாட்டில் சேர்த்துக்கொள்ளும். முதல் நாய்க்கு இரண்டு வயது ஆகட்டும். பிறகு எதிர்ப் பாலில் ஒரு குட்டியைக் கொண்டுவாருங்கள், ஒரே பாலாக இருந்தால் வளர்ந்தபின் சண்டை அதிகம். தீனித்தட்டை இரண்டாகத் தள்ளித் தள்ளி வையுங்கள், ஆடு எட்டாத இடத்தில்.

ஆட்டின் மீது குட்டி பாயும்போது பெரிய நாய் எழுந்து வந்து, குட்டியின் முகத்துக்கு நேரே ஒரு முறை உறுமிவிட்டு மறுபடி போய்ப் படுத்துக்கொள்ளும். அந்த உறுமல் கேட்க ஆரம்பித்த பிறகு நீளக் கயிற்றைக் கழற்றலாம்.